ஏபிஐ மாஸ்டர் டெஸ்ட் கிட்: மீன் வாங்கும் முன் வாங்க வேண்டியது

புதுத் தொட்டியில் தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே மீன் செத்துப்போகும். மீன் வளர்க்கத் தொடங்கும் பலரையும் குழப்புவது இதுதான். வாங்கி வந்த சில நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். பிறகு ஒன்று மிதக்கும், அடுத்த வாரத்துக்குள் தொட்டி காலியாகிவிடும். மீன் சரியில்லை, தண்ணீர் ஒத்துக்கவில்லை, கண் பட்டுவிட்டது என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அமோனியா. அதற்கு நிறம் கிடையாது, மீனைக் கொல்லும் அளவில் நம் மூக்குக்கும் தெரியாது. அளந்து பார்த்தால்தான் உண்டு. அதை அளக்க நான் வைத்திருக்கும், ஏபிஐ நிறுவனத்தின் இந்த மாஸ்டர் டெஸ்ட் கிட்டைப் பற்றி, புதிதாகத் தொட்டி வைக்கப் போகிறவர்களுக்குப் பயன்படும்படி எழுதுகிறேன்.

நான் வில்லிவாக்கத்தில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். கொளத்தூர் மீன் கடைகள் எங்களுக்குப் பக்கம். அண்ணன் பையன் ஆசைப்பட்டான் என்று ஹாலில் இரண்டடித் தொட்டி வைத்தோம். நீளம் 24, அகலம் 12, உயரம் 12 அங்குலம். மணல் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால் கிட்டத்தட்ட 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஏர் பம்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர், கொஞ்சம் ஜாவா ஃபெர்ன், அவ்வளவுதான். தொட்டி வாங்கிய கடையில் இருந்த பையன், "ஆன்டி குளோரின் நாலு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க பம்ப் ஓடட்டும்க்கா, காலையில மீன் விட்டுடலாம்" என்றான். குளோரின் போவதற்கு அது சரி. ஆனால் அமோனியாவை உடைக்கும் பாக்டீரியா ஒரே ராத்திரியில் வந்து சேராது.

விஷயம் இதுதான். மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மிச்சத் தீனியும் கழிவும் அழுகினாலும் அமோனியாதான். ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவது கொஞ்சம் கூடினாலும் மீன் தாங்கும். வாராவாரம் தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சிலும் மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும். வளர்ச்சி மிக மெதுவு. லேபில் நாங்கள் வளர்க்கும் ஈ.கோலை வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவை இரட்டிக்க அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். அதனால்தான் இந்தச் சுழற்சி நிலைபெற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கிறது. அந்த வாரங்களில் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க நமக்கு வேறு வழி இல்லை, இந்தக் கிட்டைத் தவிர.

பெட்டிக்குள் ஏழு பாட்டில்கள், மூடியோடு நாலு கண்ணாடி டியூப், நிற அட்டை. பிஹெச்சுக்கு இரண்டு பாட்டில் (6.0 முதல் 7.6 வரை ஒன்று, 7.4 முதல் 8.8 வரை இன்னொன்று), அமோனியாவுக்கு இரண்டு, நைட்ரைட்டுக்கு ஒன்று, நைட்ரேட்டுக்கு இரண்டு. 800க்கும் மேற்பட்ட சோதனை செய்யலாம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நான் வாங்கியபோது மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. இரண்டடித் தொட்டியும் ஃபில்டரும் சேர்த்து வாங்கிய விலையை விட அதிகம். அந்த விலையைப் பார்த்துத்தான் பலரும் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து, அதற்கான காரணங்கள் கீழே.

முதலில் இதன் வேதியியல் எனக்குப் பிடித்தது. அமோனியா சோதனை சாலிசிலேட் முறை. லேபில் இரத்த யூரியா பார்க்கும் ஒரு பழைய முறையும் கிட்டத்தட்ட இதேதான்: யூரியாவை நொதி கொண்டு அமோனியாவாக்கி, சாலிசிலேட்டும் ஹைப்போகுளோரைட்டும் சேர்த்து, வரும் பச்சை நிறத்தை அளப்போம். நைட்ரைட் சோதனையின் தத்துவம், சிறுநீர் ஸ்ட்ரிப்பில் தொற்று இருக்கிறதா என்று காட்டும் கட்டத்தில் இருப்பதுதான். நம்பகமான, காலம் காலமாகப் பயன்பட்டு வரும் வினைகள். தினமும் இந்த நிறங்களைப் பார்த்துப் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன், சொட்டும் நேரமும் சரியாக இருந்தால் இந்தக் கிட் காட்டுவதை நம்பலாம்.

செய்முறை எளிது. டியூபில் 5 மில்லி கோடு வரை தொட்டித் தண்ணீர். அமோனியாவுக்கு இரண்டு பாட்டிலிலிருந்தும் எட்டெட்டுச் சொட்டு, நைட்ரைட்டுக்கு ஐந்து சொட்டு. ஐந்து நிமிடம் காத்திருந்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். அமோனியா இல்லையென்றால் மஞ்சள், ஏற ஏறப் பச்சை. நைட்ரைட் இல்லையென்றால் வானநீலம், இருந்தால் ஊதா. பாட்டிலைச் சாய்க்காமல் நேர் தலைகீழாகப் பிடியுங்கள். சாய்த்தால் சொட்டின் அளவு மாறிவிடும். தண்ணீரின் குழிந்த மேற்பரப்பின் அடி, கோட்டில் நிற்க வேண்டும். இதெல்லாம் அறிவுரைத் தாளில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது, ஆனால் பலருடைய முடிவுகள் தவறுவது இங்கேதான்.

நைட்ரேட் சோதனையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் இரண்டாவது பாட்டிலில் கரையாத பொருள் அடியில் தங்கிவிடும். சொட்டு விடும் முன் பாட்டிலை முப்பது விநாடி நன்றாகக் குலுக்கச் சொல்லியிருக்கிறார்கள், விட்ட பிறகு டியூபை ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். இதைச் சோம்பலாகச் செய்தால் நைட்ரேட் பூஜ்யம் என்றே காட்டும். "ரெண்டு மாசமா தொட்டி ஓடுது, நைட்ரேட்டே இல்ல" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது குலுக்கினீர்களா என்பதுதான். இன்னொன்று, இந்தச் சோதனை நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாகக் குறைத்துத்தான் நிறம் காட்டுகிறது. எனவே தொட்டியில் நைட்ரைட் இருக்கும் வாரங்களில் நைட்ரேட் எண்ணைப் பெரிதாக நம்பக் கூடாது. அந்தச் சமயத்தில் நான் நைட்ரேட் பார்க்காமலே விட்டுவிட்டேன்.

தொட்டி வைக்கும் முன் முதலில் சோதிக்க வேண்டியது வீட்டுத் தண்ணீரை. எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டரும் போரும் மாறி மாறி வரும். போர் தண்ணீரைச் சாதா பிஹெச் பாட்டிலில் பார்த்தால் 7.6 என்று அதன் உச்சத்தில் போய் நின்றுவிட்டது. அடுத்த பாட்டிலில் பார்த்தபோது 8 பக்கம். இது வெறும் தகவல் இல்லை. தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும், கொல்வது முக்கியமாக அதில் ஒன்றுதான், அதன் பங்கு பிஹெச்சையும் வெப்பத்தையும் பொறுத்தது. 30 டிகிரியில் பிஹெச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட அந்த வடிவில் இருக்காது. அதே வெப்பத்தில் பிஹெச் 8 என்றால் ஏழு பங்குக்கு மேல். கிட் காட்டுவது இரண்டும் சேர்ந்த மொத்தம். ஆக, குளிர்நாட்டில் மென்மையான தண்ணீரில் மீன் தாங்கும் அதே எண், சென்னை போர் தண்ணீரில் ஆபத்து. வெளிநாட்டு வீடியோ பார்த்து "0.5 பரவாயில்லை" என்று இங்கே இருக்கக் கூடாது.

மீன் இல்லாமலே சுழற்சியை ஏற்படுத்துவதுதான் நான் செய்தது. மீனுக்குப் பதில் அமோனியாவை நாமே ஊட்டுவது. அம்மோனியம் குளோரைடு என்பது ஈயம் பூசப் பயன்படும் நவச்சாரம்தான், நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகவே கிடைக்கும். ஆனால் அதில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது என்பதால், ரசாயனக் கடையில் லேப் தரத்தில் சின்ன டப்பா வாங்கினேன். 50 லிட்டரில் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) கொண்டுவர 0.3 கிராம் போதும். சமையலறைத் தராசில் அது தெரியாது, நகை நிறுக்கும் சின்னத் தராசு வேண்டும். நகைத் தராசு இல்லையென்றால் சமையலறைத் தராசில் 3 கிராம் நிறுத்து, ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 100 மில்லி ஊற்றினால் கணக்குச் சரி. ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துக் கிட்டில் பார்த்தபோது அட்டையில் 2 என்ற பச்சை அப்படியே வந்தது. அந்த இடத்தில்தான் கிட் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

ஏன் 2, ஏன் 4 இல்லை? ஒரு பங்கு அமோனியா மாறினால் எடையில் 2.7 பங்கு நைட்ரைட் வரும். 2 பிபிஎம் அமோனியாவே ஐந்துக்கு மேல் நைட்ரைட் தரும், நைட்ரைட் அட்டை முடிவதே ஐந்தில்தான். அதற்கு மேல் போனால் வெறும் கடும் ஊதா, எட்டா பத்தா என்று தெரியாது. என் தொட்டியில் அமோனியா இறங்கத் தொடங்கிய பிறகு நைட்ரைட் நெடுநாள் அந்த ஊதாவிலேயே நின்றது. லேபில் செய்வதுபோல நீர்த்துப் பார்த்தேன்: ஒரு பங்கு தொட்டித் தண்ணீர், நாலு பங்கு ஆர்ஓ கேன் தண்ணீர், வந்த எண்ணை ஐந்தால் பெருக்கு. அப்போதுதான் உண்மையில் அது மெல்ல இறங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. நீர்க்காமல் பார்த்திருந்தால் எதுவும் நடக்கவில்லை என்றே நினைத்திருப்பேன். பலர் இந்தக் கட்டத்தில்தான் பொறுமை இழந்து மொத்தத் தண்ணீரையும் கொட்டி, ஸ்பாஞ்சைக் குழாயில் அலசி, முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின், அதுவரை ஒட்டி வளர்ந்தவற்றைக் கொன்றுவிடும்.

பாக்டீரியா பாட்டில் பற்றியும் கேட்பீர்கள். கடையில் ஒன்று கொடுத்தார்கள், ஊற்றினேன், அமோனியா எண் அசையவே இல்லை. லேபிளைப் படித்தால் உள்ளே இருப்பது பேசில்லஸ் வகை. அவை கழிவை மட்கச் செய்யும், அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் வேலை அவற்றுடையது இல்லை. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். மீன் தொட்டிகளில் அந்த வேலையை முக்கியமாகச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998ல்தான் கண்டறிந்தார்கள். 2015ல் நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழுப் பாதையையும் ஒற்றையாளாகவே முடிக்கும் என்று தெரியவந்தது. இவை ஸ்போர், அதாவது காய்ந்தும் உயிர் தாங்கும் உறை, உண்டாக்காதவை. காய்ந்த பொடியாக வருடக்கணக்கில் ரேக்கில் கிடந்து பிறகு உயிர் பெறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பாட்டிலை விட ஆயிரம் மடங்கு நல்லது நன்றாக ஓடும் தொட்டியின் ஸ்பாஞ்ச். கொளத்தூரில் கப்பி வளர்க்கும் ஒரு பெரியவர், நான் கேட்டதும் தன் தொட்டி ஸ்பாஞ்சை ஒரு பையில் பிழிந்து கொடுத்தார். "இந்த அழுக்குதாம்மா உசுரு, கழுவிறாத" என்றார். காசு வாங்கவில்லை. பாலுக்கு உறை குத்துவது மாதிரிதான் இது. அந்தப் பழுப்புத் தண்ணீரை என் ஸ்பாஞ்ச் மேல் ஊற்றிய பிறகுதான் அமோனியா முதல் முறையாகக் குறைந்தது. நோயுள்ள தொட்டியிலிருந்து எடுத்தால் நோயும் கூடவே வரும், அதனால் மீன்கள் சுறுசுறுப்பாக இருக்கும் தொட்டியாகப் பார்த்துக் கேளுங்கள். நீல மருந்து ஊற்றிய தொட்டியிலிருந்தும் எடுக்க வேண்டாம், மெத்திலீன் புளூ இந்த நுண்ணுயிர்களுக்கும் ஆகாது.

இனி கிட்டின் குறைகள். பெரிய குறை, இதில் கேஹெச் சோதனை, அதாவது தண்ணீரின் காரத்தன்மை இருப்பை அளக்கும் சோதனை, இல்லை. அமோனியாவை மாற்றும் வேலை தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கு ஏழு மில்லிகிராமுக்கு மேல், கால்சியம் கார்பனேட் கணக்கில். போர் தண்ணீரில் இது கவலையில்லை, இருப்பு நிறைய. மழைத்தண்ணீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ தொட்டி வைத்தவர்களுக்குப் பாதியில் பிஹெச் 6 பக்கம் சரிந்து எல்லாம் நின்றுவிடும். கிட்டில் பிஹெச் இறங்குவது தெரியும், ஏன் என்பது தெரியாது. சுழற்சிக்கு இவ்வளவு முக்கியமான ஒன்றைச் சேர்க்காமல் "மாஸ்டர்" என்று பெயர் வைத்திருப்பது எனக்கு ஏற்பில்லை.

அடுத்தது, கண்ணால் நிறம் பார்க்கும் எந்தக் கிட்டுக்கும் உள்ள பிரச்சினை. அமோனியா பூஜ்யத்துக்கும் 0.25க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாமே 0.25ஆகத் தோன்றும். பகலில், நேர் வெயில் இல்லாத பால்கனியில், அட்டையின் வெள்ளைப் பகுதியில் டியூபை ஒட்டி வைத்துப் பாருங்கள். ஆர்ஓ தண்ணீரில் ஒரு சோதனை செய்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் சந்தேகமே வராது. லேபில் நாங்கள் பிளாங்க் வைப்பதும் இதற்காகத்தான். நைட்ரேட்டில் 40க்கும் 80க்கும் நடுவே உள்ள சிவப்புகளும் பிரித்தறியக் கடினம். அங்கே எண் முக்கியமில்லை, இரண்டில் எதுவாக இருந்தாலும் தண்ணீர் மாற்ற வேண்டும்.

பாட்டில்களில் அமிலமும் காரமும் உண்டு. மூடிகள் குழந்தைகள் திறக்க முடியாதபடி அழுத்தித் திருகும் வகை, அது நல்ல விஷயம். இருந்தாலும் எங்கள் வீட்டில் அலமாரியின் மேல் தட்டில்தான் வைத்திருக்கிறேன். சோதித்த தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றக் கூடாது. வாங்கும்போது பாட்டிலில் உள்ள லாட் எண்ணைப் பாருங்கள். கடைசி நான்கு இலக்கம் தயாரித்த மாதமும் ஆண்டும். பழைய சரக்கு என்றால் வேறு பெட்டி கேளுங்கள்.

விலை குறைவான ஸ்ட்ரிப் போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஐந்தைந்து சோதனை ஒரே பட்டையில் இருக்கும் பல ஸ்ட்ரிப்களில் அமோனியா இருப்பதில்லை. சுழற்சி நேரத்தில் முதலில் தெரிய வேண்டியதே அதுதான். ஏற்கெனவே ஓடும் தொட்டியை அவ்வப்போது பார்த்துக்கொள்ள ஸ்ட்ரிப் சரி, புதுத் தொட்டிக்கு வேண்டாம்.

மீனை விட்டுவிட்டுத்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றால் கிட் உங்களுக்கு இன்னும் அவசரம். தினமும் அமோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். எங்கள் ஊர்த் தண்ணீரில் இரண்டில் எது 0.25க்கு மேல் போனாலும் பாதித் தண்ணீர் மாற்றிவிடுவேன், குளோரின் நீக்கிய தண்ணீரால். தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை ஆக்குங்கள். நைட்ரைட் மீன் இரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும், இரத்தம் பழுப்பாகி, தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு கரைத்து ஊற்றினால், உப்பின் குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். கப்பி, பிளாட்டி, மோலி வகைகள் இதைச் சுலபமாகத் தாங்கும். ஏர் பம்பை நிறுத்தவே கூடாது. இந்த நுண்ணுயிர்களுக்கும் ஆக்சிஜன் நிறைய வேண்டும், நம் ஊர் வெயிலில் சூடான தண்ணீரில் அது குறைவாகத்தான் கரையும். கரண்ட் போகும் பகுதி என்றால் பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

எங்கள் தொட்டியில் 2 பிபிஎம் ஊற்றி மறுநாள் அதே நேரத்தில் அமோனியா மஞ்சள், நைட்ரைட் வானநீலம் என்று வந்த அன்று, அண்ணன் பையனைக் கூப்பிட்டு இரண்டு டியூபையும் காட்டினேன். நைட்ரேட் நன்றாக ஏறியிருந்ததால் முக்கால் பங்கு தண்ணீர் மாற்றினோம். போர் தண்ணீருக்கு ஒத்துவரும் என்று ஆறு பிளாட்டிகள் வாங்கி வந்தோம். மீன் விட்ட முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சோதித்தேன், இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றன. ஒரு மீன்கூடச் சாகவில்லை, இப்போது குஞ்சுகளும் இருக்கின்றன.

கிட்டுக்கு ஐந்தில் நாலரை தருவேன். குறைத்த அரை, கேஹெச் இல்லாததற்காக. போர் தண்ணீர் வீடுகளுக்கு இதுவே போதும். ஆர்ஓ அல்லது மழைத்தண்ணீரில் வைப்பவர்கள் கேஹெச் கிட்டைத் தனியாகச் சேர்த்து வாங்குங்கள். காசு முடை என்றால் கொளத்தூர் பக்கம் மீன் வளர்க்கும் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கலாம், ஒரே தொட்டிக்கு 800 சோதனை காலாவதிக்குள் தீராது.